விடை தப்பாக வருகிறது, தப்பு எங்கே என்று தெரியவில்லையா? டீபக்கரை இன்றைக்கே தொடங்குங்கள்

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பன்னிரண்டாம் வகுப்பில் கொஞ்சம் பைதான் படித்திருக்கிறீர்கள், இப்போது கல்லூரி முதல் ஆண்டு, லேப்டாப்பில் தோன்னி (Thonny) என்ற, பைதான் எழுதி ஓட்டும் மென்பொருளை நிறுவியிருக்கிறீர்கள். புரோகிராம் ஓடுகிறது, ஆனால் 45-ஐயும் 60-ஐயும் கூட்டச் சொன்னால் 4560 என்று காட்டுகிறது. தப்பைத் தேட உதவும் கருவியான டீபக்கரை ஓட்ட, டீபக் பட்டனை அழுத்தினால் முதல் வரி மஞ்சளாகி அப்படியே நின்றுவிடுகிறது. சீனியர்களோ, "தோன்னி எல்லாம் சின்னப் பிள்ளைகளுக்கு, விஎஸ் கோடுக்கு மாறு" என்கிறார்கள். வேலையில் இருக்கிறவர்கள் கோட் எழுதப் பயன்படுத்தும் அந்த மென்பொருளுக்கு மாறலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

இப்போது வேண்டாம். காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன். அந்த மஞ்சள் வரியிலிருந்து ஆரம்பிப்போம், ஏனென்றால் நீங்கள் விட்டுவிட்டு வந்த அந்த இடத்தில்தான் உங்களுக்குத் தேவையான எல்லாமே இருக்கிறது.

தோன்னி எஸ்தோனியாவில் உள்ள தார்த்து பல்கலைக்கழகத்தில் ஐவார் அன்னமா (Aivar Annamaa) என்பவர் உருவாக்கியது. முதல்முறை புரோகிராம் எழுதுகிறவர்களுக்காகவே செய்தது, இலவசம், பைதானும் அதனுடனேயே சேர்ந்து வந்துவிடும். ராஸ்பெர்ரி பை என்ற சின்னக் கணினிகளின் இயங்குதளத்தில் இதை முன்கூட்டியே சேர்த்துத் தருகிறார்கள். மற்ற பல மென்பொருள்களில் டீபக்கர் என்பது தேர்ந்தவர்களுக்கான கருவி மாதிரி ஏதோ ஒரு மூலையில் இருக்கும். இதில் அப்படியில்லை, புரோகிராம் எப்படி ஓடுகிறது என்று கண்ணால் பார்க்க வைப்பதற்காகவே இதன் டீபக்கரை எழுதியிருக்கிறார்கள்.

இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், நம் ஊர்க் கல்லூரிகளில் பல தலைமுறை மாணவர்கள் நீலத் திரை டர்போ சி-யில் சி மொழி படித்தார்கள். 1987-இல் போர்லாண்ட் நிறுவனம் முதலில் வெளியிட்ட மென்பொருள் அது. அதன் அடுத்தடுத்த பதிப்புகளிலேயே எஃப்7 அழுத்தினால் வரி வரியாக உள்ளே போகலாம், எஃப்8 அழுத்தினால் ஃபங்ஷனைத் தாண்டிப் போகலாம், வேரியபிளின் மதிப்பைப் பக்கத்திலேயே கண்காணிக்கலாம். ஆனால் கண்ட்ரோல் எஃப்9 மட்டும்தான் பெரும்பாலான மாணவர்களுக்குத் தெரியும். ஓட்டு, அவுட்புட் பார், ரெக்கார்டு நோட்டில் எழுது, கையெழுத்து வாங்கு. விடை தப்பாக வந்தால் பக்கத்து மெஷினைப் பார்த்துத் திருத்துவது. அந்தப் பழக்கம் பைதான் வந்தபிறகும் அப்படியே தொடர்வதைப் பார்க்க எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது. எழுதக் கற்றுக்கொடுக்கிறோம், எழுதியது ஏன் தப்பாக ஓடுகிறது என்று கண்டுபிடிக்கக் கற்றுக்கொடுப்பதில்லை. வேலைக்குப் போனபிறகு நாளில் நிறைய நேரம் செய்யப்போவது இரண்டாவதைத்தான்.

சரி, திரையைத் தயார் செய்யுங்கள். தோன்னியைத் திறந்ததும் மேலே கோட் எழுதும் எடிட்டர், கீழே விடை வருகிற, நீங்கள் பதில் தட்டுகிற ஷெல், இவ்வளவுதான் தெரியும். மேலே வியூ மெனுவில் போய் வேரியபிள்ஸ் என்பதை டிக் செய்துகொள்ளுங்கள். வலப்பக்கம் ஒரு அட்டவணை வரும், ஒரு பத்தியில் பெயர், இன்னொன்றில் மதிப்பு. அதை இனிமேல் மூடவே வேண்டாம். அதே மெனுவில் அசிஸ்டென்ட் என்றும் ஒன்று இருக்கிறது, எர்ரர் வந்தால் அதுவே கொஞ்சம் விளக்கம் சொல்லும். பல லேப்டாப்களில் எஃப் வரிசைப் பொத்தான்கள் வெளிச்சத்தையும் ஒலியையும் கூட்டிக் குறைக்கத்தான் பயன்படும். எஃப்என் பொத்தானையும் சேர்த்து அழுத்தினால்தான் தோன்னிக்கு எஃப்5 போய்ச் சேரும். "ஒன்றுமே நடக்கவில்லை" என்று சொல்கிறவர்களில் நிறைய பேருக்குப் பிரச்சினை இதுதான். இன்னொன்று, ஃபைலுக்குப் பெயர் வைக்கும்போது ராண்டம், டர்ட்டில், மேத் என்று பைதானில் ஏற்கெனவே இருக்கிற மாட்யூல் பெயர்களை வைக்காதீர்கள். ராண்டம் என்ற பெயரில் ஃபைலைச் சேமித்துவிட்டு உள்ளே ராண்டம் மாட்யூலை இம்போர்ட் செய்தால், பைதான் உங்கள் ஃபைலையே இம்போர்ட் செய்துவிடும். அப்புறம் வரும் எர்ரரைப் பார்த்தால் தலையும் புரியாது வாலும் புரியாது.

இப்போது அந்த மஞ்சள் வரி. சாதாரணமாக ஓட்ட எஃப்5. டீபக் செய்ய கண்ட்ரோலுடன் எஃப்5. அழுத்தியதும் முதல் வரி மஞ்சளாகி நிற்கிறதே, அது தொங்கிப்போனதால் இல்லை, உங்களுக்காகக் காத்திருக்கிறது. முக்கியமாக இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: மஞ்சளாக இருக்கிற வரி இன்னும் ஓடவில்லை, இனிமேல்தான் ஓடப்போகிறது. இது புரியாமல், "வரி மஞ்சளாகிவிட்டது, ஆனால் அட்டவணையில் வேரியபிள் வரவில்லையே" என்று குழம்புகிறவர்கள் ஏராளம். எஃப்6 அழுத்தினால் அந்த வரி மொத்தமாக ஓடி, மஞ்சள் அடுத்த வரிக்கு நகரும், அட்டவணையில் புது மதிப்பு தெரியும். எஃப்7 என்பது சின்ன அடி, அந்த வரிக்கு உள்ளேயே போய்ப் பார்க்கலாம். எஃப்8 என்றால் போதும், இனி நிற்காமல் ஓடு என்று அர்த்தம். நடுவில் விட்டுவிட வேண்டும் என்றால் சிவப்பு ஸ்டாப் பட்டன்.

ஒரு இடத்தில் மட்டும் எல்லாரும் மாட்டிக்கொள்வார்கள். இன்புட் ஃபங்ஷன் உள்ள வரியில் எஃப்6 அழுத்தியதும் மஞ்சள் நகராது, பட்டன்களும் மங்கிவிடும். அப்போது புரோகிராம் கீழே ஷெல்லில் உங்கள் பதிலுக்காகக் காத்திருக்கிறது. ஷெல்லுக்குள் ஒரு கிளிக் செய்து, எண்ணை டைப் செய்து, என்டர் தட்டுங்கள், மறுபடி உயிர் வந்துவிடும்.

கருவியைப் பற்றிச் சொன்னது இதுவரை. அதை எப்படிப் பயன்படுத்துவது என்பது வேறு விஷயம், நான் சொல்ல வந்ததே அதுதான். எஃப்6-ஐ வெறுமனே தட்டிக்கொண்டே போகாதீர்கள். ஒவ்வொரு முறை அழுத்துவதற்கு முன்பும், இந்த வரி ஓடியதும் எந்த வேரியபிள் மாறும், என்ன மதிப்புக்கு மாறும் என்று வாய்விட்டுச் சொல்லுங்கள், ஆரம்பத்தில் ஒரு தாளில் எழுதிக்கொள்வது இன்னும் நல்லது. அப்புறம் அழுத்துங்கள். நீங்கள் சொன்னதும் அட்டவணையில் வந்ததும் ஒன்றாக இருந்தால் மேலே போங்கள். எந்த வரியில் இரண்டும் வேறாகிறதோ அங்கே நில்லுங்கள். ஒன்று அந்த வரியில் தப்பு இருக்கிறது, அல்லது அந்த வரியைப் பற்றி உங்கள் மனதில் இருக்கிற புரிதலில் தப்பு இருக்கிறது. இரண்டில் எது என்றாலும் தேடியது கிடைத்துவிட்டது. முன்கூட்டிச் சொல்லாமல் தட்டிக்கொண்டே போனால், கண்ணெதிரே நடக்கிற தப்பையும் "ஆமாம், சரிதானே" என்று மூளை ஏற்றுக்கொண்டு போய்விடும்.

உங்கள் 4560-ஐயே எடுத்துக்கொள்வோம். இங்கே படிக்க வசதியாக வேரியபிள் பெயர்களைத் தமிழில் எழுதுகிறேன், பைதான் 3 தமிழ்ப் பெயர்களை ஏற்றுக்கொள்ளும். ஆனால் எடிட்டரில் சில கணினிகளில் தமிழ் எழுத்துகள் உடைந்து தெரியும், அதனால் உங்கள் ஃபைலில் ஆங்கிலப் பெயர்களாகவே இருக்கட்டும். முதல் இரண்டு வரிகளில் இன்புட் ஃபங்ஷன் மூலம் மதிப்பெண்களை வாங்கி முதல், இரண்டு என்ற வேரியபிள்களில் வைக்கிறீர்கள். மூன்றாவது வரி:

மொத்தம் = முதல் + இரண்டு

டீபக்கில் ஓட்டி முதல் வரியைத் தாண்டுங்கள், 45 என்று கொடுங்கள். உங்கள் கணிப்பு, முதல் என்பதன் மதிப்பு 45. இப்போது அட்டவணையை நன்றாகப் பாருங்கள். அங்கே இருப்பது 45 இல்லை, '45'. இரண்டு பக்கமும் குட்டியாக ஒற்றை மேற்கோள் குறி இருக்கும். அந்தக் குறி இருந்தால் அது எண் இல்லை, எழுத்துகளின் வரிசை, அதாவது ஸ்ட்ரிங். இன்புட் எப்போதும் ஸ்ட்ரிங்கைத்தான் தரும், நீங்கள் எண்ணையே தட்டினாலும். ஸ்ட்ரிங்குகளுக்கு நடுவில் கூட்டல் குறி போட்டால் பைதான் அவற்றை ஒட்டவைக்கும், அதனால்தான் 4560. இன்ட் ஃபங்ஷனுக்குள் போட்டு எண்ணாக மாற்றிக்கொண்டால் 105 வரும்.

இதே வேரியபிளை பிரிண்ட் போட்டுப் பார்த்திருந்தால் திரையில் 45 என்றுதான் வந்திருக்கும், மேற்கோள் குறி வராது. "45 சரியாகத்தானே வருகிறது" என்று நினைத்து அடுத்த வரியில் தப்பைத் தேடப் போயிருப்பீர்கள். அட்டவணையைத் திறந்தே வைத்திருங்கள் என்று சொன்னதற்கு இது ஒன்றே போதுமான காரணம். பின்னால் ஒரு ஸ்பேஸ் ஒட்டிக்கொண்டிருந்தால்கூட '45 ' என்று அதில் தெரிந்துவிடும்.

அடுத்து எஃப்7. தோன்னியை நான் மற்ற எல்லாவற்றுக்கும் மேலே வைப்பதற்கு இந்தப் பொத்தான்தான் காரணம். மூன்று பாடத்துக்குச் சராசரி போடுகிறீர்கள், தமிழ் 60, ஆங்கிலம் 70, கணக்கு 90. வரி இப்படி:

சராசரி = தமிழ் + ஆங்கிலம் + கணக்கு / 3

விடை 160.0 என்று வருகிறது. எல்லாப் பாடமும் நூற்றுக்குத்தான், சராசரி எப்படி நூற்று அறுபது ஆகும்? இந்த வரியில் எஃப்6 அழுத்தினால் 160.0 மட்டும்தான் தெரியும், ஏன் என்று தெரியாது. எஃப்7 அழுத்துங்கள். சமக்குறிக்கு வலப்பக்கம் இருப்பது மட்டும் வெளிர்நீலப் பெட்டி ஒன்றுக்குள் வந்து நிற்கும். அழுத்திக்கொண்டே போனால், பெட்டிக்குள் தமிழ் என்ற பெயர் இருந்த இடத்தில் 60 வந்து உட்காரும். அடுத்து ஆங்கிலம் 70 ஆகும். பிறகு 60 + 70 என்பது முழுவதும் மறைந்து 130 ஆகும். அப்புறம் கணக்கு 90 ஆகிறது, இங்கே ஒரு நொடி நிறுத்திக் கணியுங்கள், அடுத்து என்ன நடக்கும்? 130-ஐயும் 90-ஐயும் கூட்டும் என்று நீங்கள் எதிர்பார்த்தால், பெட்டியில் நடப்பது வேறு. 90 / 3 என்பது தனியாக 30.0 ஆகிவிடும், அதற்குப் பிறகுதான் 130 + 30.0, விடை 160.0. வகுத்தல் கடைசிப் பாடத்துக்கு மட்டும்தான் நடந்திருக்கிறது என்பதைப் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டியதே இல்லை, கண்ணெதிரே பார்த்துவிட்டீர்கள். மூன்றையும் ஒரு அடைப்புக்குறிக்குள் போட்டால் 73.33 வரும். மறுபடி எஃப்7 போட்டு, இந்த முறை 220 வருகிறதா என்று பார்த்துவிடுங்கள். திருத்திய பிறகு பார்ப்பதும் முக்கியம், விடை சரியாக வந்துவிட்டதே என்று விட்டுவிடாதீர்கள்.

லூப்பில் ஒரு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். தோன்னியின் அடிகள் வரிக் கணக்கில் போகாது, புரோகிராமின் அமைப்புப்படி போகும். அதனால் ஃபார் லூப் வந்ததும், முதல் வரி மட்டும் இல்லாமல் லூப் முழுவதுமே சேர்ந்து மஞ்சளாகும். அங்கே எஃப்6 அழுத்தினால் மொத்த லூப்பும் ஒரே மூச்சில் ஓடி முடிந்துவிடும். உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்க எஃப்7-தான் வேண்டும். இஃப்புக்கும் இதே கதைதான். டெஃப் போட்டு ஃபங்ஷன் எழுதியிருந்தால், அந்த இடத்தில் பைதான் அதற்குப் பெயர் மட்டும் வைத்துக்கொண்டு தாண்டிப் போய்விடும், உள்ளே நுழையாது. கூப்பிடும்போதுதான் நுழையும். இது தெரியாமல் "என் ஃபங்ஷன் ஓடவே இல்லை" என்று நினைக்க வேண்டாம், கீழே எங்கேயாவது அதைக் கூப்பிட்டிருக்கிறீர்களா என்று பாருங்கள்.

ஃபங்ஷன் கூப்பிடுகிற இடத்தில் எஃப்7 அழுத்தினால் புதிதாக ஒரு ஜன்னல் திறக்கும். அதில் அந்த ஃபங்ஷனின் வரிகள் மட்டும், அதற்கென்று தனி வேரியபிள் அட்டவணை. வெளியே மொத்தம் என்று ஒரு வேரியபிள், உள்ளேயும் மொத்தம் என்று ஒரு வேரியபிள் இருந்தால், இரண்டும் வேறு வேறு என்பது இரண்டு ஜன்னல்களையும் பக்கத்தில் பக்கத்தில் பார்த்தாலே தெரியும். லோக்கல், குளோபல் என்று வகுப்பில் ஒரு மணி நேரம் விளக்குவதை இந்த ஜன்னல் சில நொடிகளில் காட்டிவிடுகிறது.

ஒரு சின்னச் சோதனை செய்து பாருங்கள். ஒரு பட்டியலில் இருக்கிற மதிப்பெண்களையெல்லாம் கூட்டித் தரும் ஃபங்ஷன் ஒன்றை எழுதுங்கள். மொத்தம் = 0 என்று ஆரம்பித்து, லூப்பில் ஒவ்வொன்றாகக் கூட்டி, ரிட்டர்ன் மொத்தம். ஆனால் அந்த ரிட்டர்னை வேண்டுமென்றே லூப்புக்கு நேராகப் போடாமல், உள்ளே தள்ளி, கூட்டல் வரிக்கு நேராகப் போடுங்கள். 45, 80, 62 என்று கொடுத்தால் 187 வர வேண்டும், 45 மட்டும் வரும். எஃப்7-இல் உள்ளே போனால், முதல் மதிப்பெண்ணைக் கூட்டியதும் ரிட்டர்ன் வரி மஞ்சளாகும், அடுத்து ஜன்னலே மூடிக்கொள்ளும். 80-ஐத் தொடவே இல்லை. ரிட்டர்ன் என்றால் விடையைத் தருவது மட்டும் இல்லை, ஃபங்ஷனை விட்டே வெளியேறுவது என்பது அந்த ஜன்னல் மூடுகிற வேகத்தில் மனதில் பதிந்துவிடும். முதல் ஆண்டு மாணவர்கள் எழுதும் கோடில் நான் அதிகம் பார்க்கும் தப்புகளில் இது ஒன்று. நாலு ஸ்பேஸ் தள்ளி இருப்பதுதான் பிரச்சினை என்று வெறும் கண்ணால் பார்த்துக் கண்டுபிடிப்பது ரொம்பக் கஷ்டம்.

அடி அடியாகப் போவது மூன்று மதிப்பெண்ணுக்குச் சரி, 60 பேர் உள்ள வகுப்புக்கு எப்படி என்று கேட்பீர்கள். முதலில், முடிந்தவரை 60-ஐ மூன்றாகக் குறைத்துப் பாருங்கள். தப்பு மூன்று பேரிலும் வருகிறது என்றால் அறுபதை ஏன் கட்டி அழ வேண்டும்? குறைக்க முடியாது, 37-ஆவது ஆளுக்கு மட்டும்தான் மொத்தம் தப்பாக வருகிறது என்றால் அங்கே பிரேக்பாயின்ட் போடுங்கள். எடிட்டரின் இடது ஓரத்தில் வரி எண் பக்கத்தில் இருமுறை கிளிக் செய்தால் ஒரு புள்ளி விழும். இப்போது கண்ட்ரோல் எஃப்5 கொடுத்தால் முதல் வரியில் நிற்காமல் நேராக அந்த வரிக்குப் போய் நிற்கும், அங்கிருந்து எஃப்8 அழுத்தினால் அடுத்த பிரேக்பாயின்ட் வரை ஓடும். லூப்புக்குள் புள்ளி வைத்தால் ஒவ்வொரு சுற்றிலும் நிற்கும், முப்பத்தாறு முறை எஃப்8 தட்டுவது எரிச்சல். அதற்கு ஒரு வழி, லூப்புக்குள் வரிசை எண் 37-க்குச் சமமா என்று ஒரு இஃப் போட்டு, அதற்குள் நிறுத்து = 1 என்று ஒன்றுக்கும் உதவாத ஒரு வரி எழுதி, புள்ளியை அந்த வரியில் வையுங்கள். 37 வரும்போது மட்டும் நிற்கும். வேலை முடிந்ததும் அந்த இரண்டு வரியையும் அழித்துவிடுங்கள். பெரிய டேட்டாவாக இருந்தால் ரன் மெனுவில் டீபக் இரண்டு விதமாக இருப்பதைப் பாருங்கள், நைசர் என்றும் ஃபாஸ்டர் என்றும். வெளிர்நீலப் பெட்டி எல்லாம் முதலாவதில்தான் வரும், ஆனால் மெதுவாக ஓடும். இரண்டாவது வேகமாக ஓடும், வரி வரியாக மட்டுமே நகரும்.

சிவப்பு எழுத்துகளைப் பற்றியும் கொஞ்சம். எர்ரர் வந்தாலே பதறி ஜன்னலை மூடுகிறவர்கள் இருக்கிறார்கள். எர்ரர் வருவது நல்ல விஷயம், எந்த வரி என்று அதுவே சொல்லிவிடுகிறது. உங்கள் 4560 மாதிரி சத்தமில்லாமல் தப்பு விடை தருவதுதான் ஆபத்து. கீழிருந்து மேலாகப் படியுங்கள். கடைசி வரியில் எர்ரரின் வகையும் காரணமும் இருக்கும், அதற்கு மேலே வரி எண் இருக்கும், அதை கிளிக் செய்தால் தோன்னி அந்த இடத்துக்கே கூட்டிப்போகும். நேம்எர்ரர் என்றால் அந்தப் பெயரில் இதுவரை எதுவும் உருவாகவில்லை, பெரும்பாலும் எழுத்துப்பிழை, இல்லையென்றால் பெரிய எழுத்து சின்ன எழுத்து மாறியிருக்கும். வேல்யூஎர்ரர் வந்தால் அந்த வரியின் கடைசியில் மேற்கோள் குறிக்குள் என்ன இருக்கிறது என்று பாருங்கள். மதிப்பெண் பட்டியலில் தேர்வுக்கு வராதவர்களுக்கு 'ஏபி' என்று போட்டிருப்பார்கள், அதை இன்ட் ஃபங்ஷனுக்குக் கொடுத்தால் எண்ணாக மாற்ற முடியாமல் அங்கேயே நின்றுவிடும், எதை மாற்ற முடியவில்லை என்பதையும் அப்படியே காட்டியிருக்கும்.

சின்டாக்ஸ்எர்ரரில் இரண்டு மட்டும். அடைப்புக்குறியைத் திறந்துவிட்டு மூடாமல் விட்டால், பழைய பைதானில் எர்ரர் அடுத்த வரியில் இருப்பதாகக் காட்டும், அடுத்த வரியில் எவ்வளவு தேடினாலும் தப்பு இருக்காது. 3.10-இலிருந்து எந்த அடைப்புக்குறி மூடப்படவில்லை என்றே தெளிவாகச் சொல்கிறது. தோன்னி எடிட்டரும் மூடாத மேற்கோளையும் அடைப்புக்குறியையும் நிறம் மாற்றிக் காட்டும், டைப் செய்யும்போதே கவனித்தால் ஓட்டவே வேண்டாம். இன்னொன்று, வாட்ஸ்அப்பிலும் பிடிஎஃப்பிலும் வருகிற கோடை காப்பி செய்து ஒட்டுவது. அதில் நேரான மேற்கோள் குறிகள் வளைந்த குறிகளாக மாறியிருக்கும், பைதானுக்கு அவை மேற்கோள் குறிகளே இல்லை. பார்க்க எல்லாம் சரியாக இருக்கும், ஓடாது. கூடவே வரி தொடக்கத்து ஸ்பேஸும் கலைந்திருக்கும். படிக்கிற காலத்திலாவது கையால் டைப் செய்யுங்கள்.

பிரிண்ட் போட்டுப் பார்ப்பது தப்பா என்று கேட்டால், இல்லவே இல்லை. பல வருட அனுபவம் உள்ளவர்களும் போடுகிறார்கள். லூப் ஆயிரக்கணக்கில் சுற்றும்போது, எந்தச் சுற்றில் கணக்கு மாறுகிறது என்று ஒரே பார்வையில் தெரிய பிரிண்ட்தான் வசதி. ராஸ்பெர்ரி பை பிகோ மாதிரி சின்ன போர்டில் தோன்னி வழியாக மைக்ரோபைதான் (அந்த மாதிரி போர்டுகளுக்கான பைதான்) ஓட்டினால், இந்த டீபக்கர் அங்கே வேலை செய்யாது, பிரிண்ட்தான் துணை. போடும்போது ரெப்ர் (repr) என்ற ஃபங்ஷனுக்குள் வைத்து பிரிண்ட் செய்யுங்கள், மேற்கோள் குறியோடு வரும், 45-க்கும் '45'-க்கும் வித்தியாசம் தெரியும். பிரிண்ட்டில் இருக்கிற குறை, எதைப் பார்க்க வேண்டும் என்று உங்களுக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். தொடங்குகிறவருக்கு அதுதானே தெரியாது. டீபக்கர் எல்லா வேரியபிளையும் காட்டிவிடும், நீங்கள் சந்தேகப்படாததையும் சேர்த்து. எர்ரரை அப்படியே காப்பி செய்து ஏஐ-யிடம் கேட்பதற்கும் இதையே சொல்வேன். கேளுங்கள், ஆனால் ஒருமுறை அடி அடியாக ஓட்டிப் பார்த்து, எந்த வரியில் கணிப்பு பொய்த்தது என்று கண்டுபிடித்த பிறகு கேளுங்கள். "இந்த வரியில் 130 + 90 என்று எதிர்பார்த்தேன், 90 / 3 முதலில் நடந்தது, ஏன்" என்று கேட்கிறவருக்குக் கிடைக்கும் பதில் அவருக்குப் புரியும், "கோட் ஓடவில்லை" என்று கேட்கிறவருக்குத் திருத்திய கோட் மட்டும் கிடைக்கும்.

இப்போது விஎஸ் கோட். நல்ல மென்பொருள்தான், வேலையில் நிறைய இடங்களில் அதுதான், ஒரு நாள் போகத்தான் போகிறீர்கள். ஆனால் அதில் பைதானைத் தனியாக நிறுவ வேண்டும், பைதான் எக்ஸ்டென்ஷனைப் போட வேண்டும், எந்த பைதான் என்று தேர்ந்தெடுத்துக் காட்ட வேண்டும், ஃபைலை மட்டும் திறக்காமல் அது இருக்கிற ஃபோல்டரைத் திறப்பது நல்லது. இதில் எங்கே சிக்கினாலும் உங்கள் புரோகிராமுக்குச் சம்பந்தமே இல்லாத பிரச்சினையில் ஒரு மாலை போய்விடும். வெளிர்நீலப் பெட்டி மாதிரி கணக்கின் உள்ளே போகும் வசதியும் அதில் கிடையாது. ஃபங்ஷன், லூப், லிஸ்ட், டிக்ஷனரி நாலையும் வைத்து நூறு நூற்றைம்பது வரியில் சொந்தமாக ஏதாவது எழுதி, அதில் வரும் தப்புகளை நீங்களே கண்டுபிடிக்கும் வரை தோன்னியிலேயே இருங்கள்.

போகும்போது பொத்தான்கள் மாறும். அங்கே எஃப்5 என்றாலே டீபக்தான், எஃப்10 அடுத்த வரி, எஃப்11 ஃபங்ஷனுக்கு உள்ளே, ஷிஃப்ட்டுடன் எஃப்11 வெளியே, எஃப்9 பிரேக்பாயின்ட். இஃப் போட்டு நான் சொன்ன அந்தக் குறுக்கு வழி அங்கே தேவைப்படாது, ஓரத்தில் ரைட் கிளிக் செய்து நிபந்தனையுடனே பிரேக்பாயின்ட் வைக்கலாம். நின்றிருக்கும்போது டீபக் கன்சோலில் எந்தக் கணக்கை வேண்டுமானாலும் தட்டி, அந்த நொடியில் அதன் விடை என்ன என்று கேட்கலாம், வெளிர்நீலப் பெட்டி இல்லாத குறையைப் பெரும்பாலும் இது ஈடுகட்டும். தோன்னியிலிருந்து போகிறவர்கள் குழம்பும் இடம் ஒன்றுதான்: அங்கே பிரேக்பாயின்ட் எதுவும் வைக்காமல் எஃப்5 அழுத்தினால் முதல் வரியில் நிற்காது, கடைசி வரை ஓடி முடிந்துவிடும். அதனால் முதல் வரியில் எஃப்9 போட்டுவிட்டு எஃப்5 அழுத்துங்கள், அதே மஞ்சள் வரி அங்கேயும் வந்து நிற்கும்.